பதினோரு பூஜ்யங்கள்

அத்தியாயம் 14

காலை ஆறு முப்பத்தைந்து. கோரமங்கலா கம்பெனி பஸ் ஆறு நாற்பதுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். நிருபமா தோளில் பையுடன் மகனின் கட்டில் அருகே நின்றாள்.

ரித்விக்கின் இமைகள் உப்பியிருந்தன.

“அப்பா, இவன் கண்ணைப் பாருங்கோ.”

சீனிவாசராகவன் பேரனின் முகத்தருகே குனிந்தார். “குப்புறப் படுத்துண்டு தூங்கினான். அதான். நேத்திக்குப் பூஜ்யம்தானே?”

“பூஜ்யம்தான்.”

“முந்தாநாள்?”

“அதுவும்தான்.”

“அப்புறம் என்ன? இன்னிக்குன்னு பார்த்து பஸ்ஸைக் கோட்டை விடாதே. எழுந்ததும் டெஸ்ட் பண்ணி எழுதி வெச்சுடறேன்.”

நிருபமா ஒரு நொடி தயங்கினாள். பிறகு போய்விட்டாள். அந்த ஒரு நொடியை அவள் அன்று பகல் முழுவதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரித்விக்குக்கு எட்டு வயது. ஐந்து வயதில் அவன் முகம் முதன்முறையாக வீங்கியபோது டாக்டர் சொன்ன பெயர் நெஃப்ராடிக். உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிற நோய். மாத்திரையில் அடங்கும். சளி பிடித்தால் திரும்பும். மறுபடி அடங்கும். தினம் காலையில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மேல்பாதியை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கி, இரண்டு சொட்டு வினிகர் விட வேண்டும். பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெளிவாக இருந்தால் பூஜ்யம். மங்கலாகப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ். வரி தெரிந்து, படிக்க முடியாவிட்டால் இரண்டு. ஒன்றுமே தெரியாமல் தயிராகத் திரண்டுவிட்டால் மூன்று.

அந்தக் குழாயைப் பிடிக்கத்தான் நிருபமா 1996-இல் அரசாங்கக் கம்பெனி ஒன்றில் பார்த்த புரோகிராமர் வேலையை விட்டாள். மூன்று வருஷம் வீட்டில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழி பழசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம், 2000 பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்களெல்லாம் வருஷத்தைத் தப்பாக எண்ணும் என்று உலகமே பயந்தது. அந்தப் பழைய மொழி தெரிந்தவர்களைத் தேடினார்கள். இந்த ஜனவரியில், முப்பத்தாறு வயதில், அவள் மறுபடி வேலைக்குப் போனாள்.

ஜூன் ஏழாம் தேதி ரித்விக்குக்கு நோய் திரும்பியது. தினம் எட்டு மாத்திரை. மூன்று வாரமாகியும் அவள் கையிலிருந்த குழாய் தெளியவில்லை. இருபத்தொன்பதாம் தேதி கம்பெனி பஸ் ஒரு மணி நேரம் முன்னால் வர ஆரம்பித்தது. குழாய் அப்பாவின் கைக்குப் போயிற்று. அன்றே டைரியில் முதல் பூஜ்யம் விழுந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும்.

தொடர்ந்து மூன்று பூஜ்யம் வந்தால் மருந்தைக் குறைக்கலாம் என்பது டாக்டரின் விதி. நிருபமா குறைத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு மாத்திரை.

இன்று ஜூலை ஒன்பது, வெள்ளிக்கிழமை. லண்டன் வங்கி ஒன்றின் கணக்கு முறையை, கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து, 2000 ஜனவரி முதல் தேதிக்குள் ஓட்டிப் பார்க்கும் நாள். ஆறு மாத வேலை. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

பத்தரை மணிக்கு மேஜை மேல் போன் அடித்தது.

“நிரு, குழந்தை ஸ்கூலுக்குப் போகலை. வயிறு வலிக்கறதுங்கறான். உடம்பு சுடறது.”

“வாந்தி?”

“ரெண்டு தடவை. நீ கவலைப்படாதே. காலம்பர டெஸ்ட் பண்ணினேன், பூஜ்யம்தான்.”

“ஆட்டோ பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கோ. டைரியை எடுத்துக்கோங்கோ. நான் வரேன்.”

பிராஜெக்ட் மானேஜர் சஞ்சய் அவளைவிடப் பத்து வயது சின்னவன். லிஃப்ட் வரை கூடவே வந்தான். “மூணு மணிக்கு க்ளையன்ட் லைன்ல வருவாங்க, நிருபமா. அந்த வட்டிக் கணக்கு மாட்யூல் உங்களைத் தவிர யாருக்கும்…”

“தெரியும் சஞ்சய்.”

“வந்துடுவீங்கல்ல?”

லிஃப்ட் கதவு மூடியதால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் டென்சில் ரித்விக்கின் வயிற்றில் விரல் வைத்ததும் அவன் அலறினான். டாக்டர் கையை எடுத்துவிட்டு, அவன் நிஜாரின் எலாஸ்டிக்கைக் கொஞ்சம் இறக்கினார். இடுப்பைச் சுற்றி ஆழமாக ஒரு சிவப்புத் தடம்.

“இது ஒரு ராத்திரில வர்ற வீக்கம் இல்லையே, மேடம்.”

நிருபமா அந்தத் தடத்தைப் பார்த்தாள். பத்து நாளாக அவனைக் குளிப்பாட்டுவதும் அப்பாதான்.

டாக்டர் டைரியைப் புரட்டினார். பச்சை அட்டை போட்ட டைரி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு குறி. ஜூன் இருபத்தொன்பதிலிருந்து ஒவ்வொரு பூஜ்யத்தின் பக்கத்திலும் சீனிவாசராகவனின் சிறு கையொப்பம்.

“இன்னிக்குக் காலையில வீட்டுல ஜீரோ. இப்ப நம்ம லேப்ல மூணு பிளஸ். டெஸ்ட் யார் பண்றது?”

“எங்கப்பா.”

“கரெக்டா பண்ணுவாரா?”

நிருபமாவுக்குச் சுருக்கென்றது. “முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு இலாகால இன்ஸ்பெக்டரா இருந்தவர், டாக்டர். கடைக்காரன் தராசுல ஒரு அரிசி எடை தப்பினாக்கூட முத்திரை போடமாட்டார். அவர் எழுதினா எழுதினதுதான்.”

டாக்டர் தலையசைத்தார். “அப்ப சரி. மருந்துக்குக் கேட்டிருக்கு, குறைச்சதும் திரும்பிடுச்சு. இந்தத் தடவை வேகமா. இந்த மாதிரிப் பசங்களுக்கு ஸ்டீராய்டையே நம்பிட்டிருக்க முடியாது. வேற மருந்துக்குப் போயிடலாம். கொஞ்சம் முரட்டு மருந்து. முதல்ல வயித்துல இருக்கற இன்ஃபெக்ஷனைப் பிடிக்கணும். ரெண்டு மணிக்கு வர்றேன், பேசிட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஹஸ்பண்ட் எங்கே?”

“ஹூப்ளில டூர்ல இருக்கார்.”

“கூப்பிடுங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெங்கி தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் சேல்ஸ் இன்ஜினியர். மாதத்தில் பாதி நாள் வட கர்நாடகத்தில். லாட்ஜுக்குப் போன் போட்டாள். சார் காலையிலேயே கிராமத்துப் பக்கம் போய்விட்டார், ராத்திரிதான் வருவார் என்றான் அங்கிருந்தவன்.

அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் ஜோசஃபின் ரித்விக்கின் கையில் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். வீங்கிய கையில் நரம்பு அகப்படவில்லை. மூன்றாவது தடவை குத்தினாள்.

“அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான். உங்க ஸ்கூல்ல யாராவது இவ்ளோ தைரியமா இருப்பாங்களா? எங்க பிரேசர் டவுன்ல பெரிய பெரிய ரவுடிங்களே ஊசின்னா ஓடிடுவானுங்க.”

ரித்விக் சிரிக்கவில்லை. அவள் போனதும் கேட்டான். “அம்மா, நான் ஜீரோதானே?”

“ஆமாண்டா.”

“ஜீரோன்னா ஊசி கிடையாதுன்னு சொன்னே?”

நிருபமா அவன் நெற்றியைத் துடைத்தாள்.

“இன்னிக்கும் ஜீரோதான். நானே பார்த்தேன். நான்தான் காலண்டர் பேப்பர் பிடிச்சுண்டேன்.”

“என்ன காலண்டர்?”

“தினம் கிழிப்போமே, அது. ட்யூப் பின்னால வெச்சுப் பிடிக்கணும். இன்னிக்கு ஒன்பது. ஒன்பது தெரிஞ்சா ஜீரோ.”

“நியூஸ்பேப்பர் வெச்சுப் பார்க்கறதில்லையா?”

“அது தாத்தாவுக்குத் தெரியாதும்மா. பொடிப் பொடியா இருக்கும். காலண்டர்னா குண்டா இருக்கும்.” அவன் கொஞ்சம் யோசித்தான். “சில நாள் மசமசன்னு இருக்கும். ஆனா நம்பர் தெரியும். ப்ராமிஸ்.”

நிருபமாவுக்குப் புரிந்தது. பொடி எழுத்தைப் படிக்கவிடாத கலங்கலில்கூடக் காலண்டரின் கொட்டை எண் தெரியும். இரண்டு பிளஸ் இருந்தாலும் தெரியும், மூன்றின் ஆரம்பத்தில்கூட நிழலாகத் தெரியும். முழுக்கத் திரண்டால் மட்டும்தான் மறையும்.

அவன் ஒரு நாள்கூடப் பூஜ்யத்தில் இருந்திருக்க மாட்டான்.

வராந்தா பெஞ்சில் சீனிவாசராகவன் டைரியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி கோமளம் போனபின் ஆறு வருஷமாக மகள் வீட்டில் இருக்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா என்று முதல் இரண்டு மாதம் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை இருக்கும் நேரத்தில் இன்றுவரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மின்சார பில், ரேஷன், பள்ளிக்கூட வேன், யாரையாவது ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது என்று அந்த வீட்டில் எந்த வேலை இருந்தாலும் அவரே முன்னால் போய் நின்றார்.

“அப்பா, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?”

எதிர்ச் சுவரில் ஒரு கை அகல எழுத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அவர் போர்டைப் பார்க்கவில்லை. மகளின் குரலைக் கேட்டார். குனிந்துகொண்டார்.

“குழந்தை சொன்னானா?”

“எத்தனை நாளா?”

“போன தீபாவளியிலேர்ந்து மங்கல். ஜனவரில கண் டாக்டர்ட்ட போனேன். ரெண்டு கண்ணும் புரை முத்தியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னான்.”

“ஜனவரியா? ஏன் சொல்லலை?”

“நீ வேலைல சேர்ந்து பத்து நாள்தான் ஆயிருந்தது.” அவர் டைரியின் அட்டையைத் தடவினார். “உன் சிநேகிதிகிட்ட போன்ல சொன்னியே. இன்னொரு தடவை வேலையை விட்டா அதோட நான் முடிஞ்சேன்னு.”

“அது உங்க காதுல விழுந்ததா?”

“கண்தானேம்மா போச்சு.”

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

“காலண்டரை வெச்சு யாராவது பார்ப்பாளா அப்பா? டாக்டர் என்ன சொன்னார்? நான் உங்களுக்குக் காட்டித் தரலையா?”

“காட்டினே. ட்யூப் இல்லாமலே நியூஸ்பேப்பர் எழுத்து எனக்குத் தெரியலையே நிரு. தெரியாத எழுத்தை வெச்சு எப்படிச் சோதிக்கறது? தெரியற எழுத்தா ஒண்ணு வேணும்னு…” அவர் நிறுத்தினார். நிறுத்தியபின்தான் அவருக்கே தான் சொன்னது முழுக்கப் புரிந்தது போலிருந்தது. “முப்பத்திரண்டு வருஷம். எடைக்கல்லு தேஞ்சு போச்சுன்னா கடைக்காரன்ட்டேர்ந்து பிடுங்கி எறிஞ்சிருக்கேன். தன் சௌகரியத்துக்குக் கல்லை மாத்தினவனைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கேன்.”

“எட்டு மாத்திரையை ஆறாக்கினேன் நான். ஒரு நாள் விட்டு ஒரு நாள். உங்க பூஜ்யத்தை நம்பி.”

“டாக்டர்ட்ட நானே வந்து சொல்றேன்.”

“வேண்டாம்.”

“இல்லேம்மா, நான் பண்ணினது, நான்தான்…”

“வேண்டாம்ங்கறேன்ல!” வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நிருபமா பல்லைக் கடித்துக் குரலைத் தாழ்த்தினாள். “இனிமே நீங்க எதுவும் பண்ண வேண்டாம். யாருக்காகவும் பண்ண வேண்டாம். ஒண்ணும் பண்ணாம ஒரு இடத்துல உக்காந்திருங்கோ. அது போதும்.”

அவர் சரி என்று தலையசைத்தார். குற்றப்பத்திரிகையை வாங்கிக்கொள்கிற மாதிரி.

இரண்டு மணிக்கு டாக்டர் டென்சில் காகிதத்தோடு வந்தார். புது மருந்தின் பெயர் அதில் டைப் செய்யப்பட்டிருந்தது. நிருபமா பேனாவை வாங்கினாள். அப்படியே நின்றாள்.

சொன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மட்டுமல்ல. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருந்தாள். குழாயைத் தானே எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வங்கியின் வட்டிக் கணக்கைக் காகிதங்களாகக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். அப்பா “பூஜ்யம்” என்று உள்ளேயிருந்து சொன்னார். அவள் “அப்பாடா” என்றாள். அந்தப் பூஜ்யம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதனால் கேள்வி கேட்கவில்லை.

“டாக்டர், அந்தப் பதினோரு நாளும் தப்பு.”

அவர் நிமிர்ந்தார். அவள் சொன்னாள். காலண்டர், கண், ஞாயிற்றுக்கிழமை எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

“இப்பவாவது சொன்னீங்க.”

“என்ன ஆகும்?”

“ஒண்ணு, அவன் மருந்துக்குக் கேட்கவே இல்லை. இல்லேன்னா, கேட்கறதுக்கு முன்னாடி நாம குறைச்சுட்டோம். முழு டோஸ் நாலு வாரம் கொடுத்துத்தான் முடிவு பண்ணணும். நீங்க கொடுத்தது இருபத்தஞ்சு நாள். மூணு நாள் குறையுது மேடம். இந்தப் பேப்பர் இப்ப செல்லாது. கிட்னியிலேர்ந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். அது அப்புறம். இன்னிக்கு ராத்திரி தாண்டணும், முதல்ல.”

“இன்னிக்கு ராத்திரி தாண்டணும்னா?”

டாக்டர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஜோசஃபின் கூப்பிட்டாள். “டாக்டர், பிபி இறங்குது.”

அதன்பின் நடந்ததை நிருபமா கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். ரித்விக்கின் உதடு வெளுத்திருந்தது. நான்கு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவன் கால் மட்டும் தெரிந்தது. பாதம் வழவழவென்று, யாருடையதோ போலிருந்தது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு மாடியிலிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கூடவே ஓடினாள். கதவருகே அவளை நிறுத்திவிட்டார்கள்.

“இங்கேயே இருங்க. எந்த நிமிஷமும் உங்க கையெழுத்துத் தேவைப்படும். நகராதீங்க.”

நகரவில்லை. மூன்று மணி அடித்தது. லண்டனில் யாரோ அவளுக்காகக் காத்திருப்பார்கள் என்று தோன்றியது. அது வேறு யாருடைய வாழ்க்கையையோ பற்றிய செய்தி போலிருந்தது. ஜன்னலருகே காசு போடுகிற போன் இருந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை.

மூன்றரைக்கு ஜோசஃபின் படியேறி வந்தாள். கையில் பச்சை டைரி.

“உங்க அப்பா இத டாக்டர்கிட்ட குடுக்கச் சொன்னாரும்மா. நான் கீழ வார்டுல மாட்டிக்கினேன், இப்பதான் கொண்டாந்தேன்.”

நிருபமா பிரித்தாள். பதினோரு பூஜ்யங்களும் ஒவ்வொன்றாக ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தன. அரசாங்க ஆபீஸில் பிழையைத் திருத்தும் முறை அதுதான். அழிக்கக் கூடாது, பழையது தெரியும்படி அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். சில கோடுகள் பூஜ்யத்தைத் தாண்டி அடுத்த வரியில் போய் விழுந்திருந்தன. அடியில் பெரிய பெரிய எழுத்தில், கோணல்மாணலாக, இரண்டு வரி:

‘மேற்படி பதிவுகள் என் பார்வைக் குறைவால் ஏற்பட்ட தவறு. என் மகளுக்கு இது தெரியாது. பொறுப்பு முழுதும் என்னுடையது.’

“அவர் எங்க, சிஸ்டர்?”

“காப்பி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“எப்போ?”

ஜோசஃபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சேம்மா.”

நிருபமா கதவைப் பார்த்தாள். உள்ளே திரை இழுத்திருந்தது. “ரெண்டே நிமிஷம், சிஸ்டர். கூப்பிட்டா ஓடி வரேன். இங்க நில்லுங்கோ.”

காண்டீனில் அவர் இல்லை. மருந்துக் கடை வரிசையில் இல்லை. பெஞ்சில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. வாசலில் வாட்ச்மேன் கோவிந்தப்பா ஸ்டூலில் இருந்தார்.

“ஒரு வயசானவர், வெள்ளை வேஷ்டி, உயரமா… நோடிதீரா, பார்த்தீங்களா?”

“ஓ, அஜ்ஜாவா, அந்தத் தாத்தாவா?” கோவிந்தப்பா எழுந்தார். கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசினார். “ரோடு தாண்டறதுக்கு நின்னுக்கினே இருந்தாரும்மா, பாவ. வண்டி வர்றதே தெரியல அவருக்கு. நான்தான் கை புடிச்சு அந்தப் பக்கம் விட்டேன். வூட்டுக்கா சாமின்னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘எந்த வீடுப்பா’ன்னாரு. சிரிச்சாரும்மா. அப்படியே சர்க்கிள் பக்கமா நடந்து போய்ட்டாரு.”

வெள்ளிக்கிழமை மாலைப் போக்குவரத்து ஆரம்பித்திருந்தது. லாரிகளும் ஆட்டோக்களும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்க நடைபாதையில் குழாய் பதிக்க நீளமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மக்கள் பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வெள்ளை வேஷ்டி எதுவும் தெரியவில்லை.

அவள் ஒரு காலைச் சாலையில் வைத்தாள்.

“ரித்விக் அம்மா!” மாடி ஜன்னலிலிருந்து ஜோசஃபினின் குரல் வந்தது. “மேல வாங்க! டாக்டர் கூப்பிடறாரு! சீக்கிரம்!”

நிருபமா காலை எடுத்தாள். திரும்பிப் படிக்கட்டை நோக்கி ஓடினாள். யாரையாவது அனுப்ப வேண்டும், யாரையாவது உடனே அனுப்ப வேண்டும் என்று ஓடிக்கொண்டே நினைத்தாள். இந்த ஊரில் யாரைத் தேடி அழைத்து வர வேண்டுமென்றாலும் இதுவரை அவள் அனுப்பியது ஒரே ஆளைத்தான். அது அப்பா.